மூன்றா, ஏழா? ஒரு சட்டைப்பைக் கேமராவும் அதன் தம்பிமார்களும்

"அண்ணே, மூணு வாங்கட்டுமா, ஏழு வாங்கட்டுமா?"

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பசியாறிக்கொண்டிருந்தேன். கேட்ட தம்பி ஒரு கையில் ரொட்டி சானாயைப் பிடித்தபடி மறுகையால் கைப்பேசியை என் பக்கம் நீட்டினார். அடுத்த மேசைக்காரர் நாலு நம்பர் லாட்டரிப் பேச்சு என்று நினைத்துக் காதைத் தீட்டிக்கொண்டார். கேமரா சமாசாரம் என்று தெரிந்ததும் தே தாரேக் குவளைக்கே திரும்பிவிட்டார்.

சோனி ஆர்எக்ஸ்100. சட்டைப் பைக்குள் நுழையும் கேமரா. முதலாவது 2012இல் வந்தது. அதன்பின் மார்க் 2, மார்க் 3 என்று 2019க்குள் ஏழு வரை எட்டிவிட்டது. தம்பியின் குடும்பம் தோட்டத்தை விட்டுத் தாமான் குடியிருப்புக்குக் குடிவந்து பல வருடம் ஆகிறது. லயங்கள் இருந்த இடத்தில் இப்போது செம்பனை. மாரியம்மன் கோவில் மட்டும் அங்கேயே நிற்கிறது. சிதறிப்போன சனமெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு அங்கே கூடும். போன வருடம் கைப்பேசியில் எடுத்த தீமிதிப் படங்களைக் காட்டினார். பூக்குழி ஒரே மஞ்சள் தீற்றல். இறங்கி நடக்கும் சித்தப்பாவுக்கு முகமே இல்லை. "இந்த வருசமாவது ஒழுங்கா எடுக்கணும்ணே."

ஒரே சொல்லில் பதில் வேண்டும் அவருக்கு. என்னால் சொல்ல முடியவில்லை. காரணம் அந்த எண்கள்தான். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு முடித்தால் நான்காம் ஆண்டு என்பதுபோல இவை படிப்படியாக ஏறவில்லை. ஒரு வீட்டுப் பிள்ளைகளைப் போல வந்திருக்கின்றன. மூத்தவனிடம் இருப்பது இளையவனிடம் இல்லை, இளையவனுக்கு வாய்த்தது மூத்தவனுக்கு வாய்க்கவில்லை. எண்ணை மறந்துவிட்டு லென்ஸைப் பார்த்தால் ஏழும் மூன்று கூட்டமாகப் பிரிந்துவிடும்: 1, 2 ஒரு கூட்டம், 3, 4, 5 ஒரு கூட்டம், 6, 7 ஒரு கூட்டம். எந்தக் கூட்டம் என்று முடிவுசெய்வதுதான் பெரிய வேலை. அதற்குள் எந்த எண் என்பது சில்லறைக் கணக்கு.

முதலில், ஏன் இந்தக் கேமராவுக்கு இவ்வளவு பெயர் என்று பார்ப்போம். 2012இல் பையில் வைக்கும் கேமராக்களில் பெரும்பாலானவற்றின் சென்சார், அதாவது வெளிச்சம் விழுந்து படமாகும் சில்லு, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. பரப்பளவு சுமார் 28 சதுர மில்லிமீட்டர். ஆர்எக்ஸ்100இல் இருந்தது 13.2க்கு 8.8 மில்லிமீட்டர், அதாவது சுமார் 116 சதுர மில்லிமீட்டர். நான்கு மடங்கு. மழை பெய்யும்போது குவளையை வைப்பதற்கும் அண்டாவை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம். இதை 'ஒரு அங்குல' சென்சார் என்கிறார்கள். அளந்து பார்த்தால் எந்தப் பக்கமும் ஓர் அங்குலம் வராது; மூலைக்கு மூலை 16 மில்லிமீட்டர்தான். பழைய டிவி கேமராக்களில் படம் பிடிக்கக் கண்ணாடிக் குழாய் இருந்தது. குழாயின் வெளிவிட்டம் ஓர் அங்குலம் என்றால் உள்ளே படம் விழும் பகுதி இவ்வளவுதான் இருக்கும். குழாய் போய்விட்டது, பெயர் போகவில்லை. ரப்பர் இல்லாத தோட்டத்தை இன்னும் ரப்பர் தோட்டம் என்கிறோமே, அப்படித்தான்.

ஏழு பதிப்பிலும் சென்சாரின் அளவு இதேதான். புள்ளிகளும் ஏறக்குறைய 2 கோடிதான். ஆகவே 'புதுசுல படம் பெருசா வரும்' என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

முதல் கூட்டத்தைச் சீக்கிரம் கடந்துவிடலாம். முதலாவதன் எடை 240 கிராம். எல்லாவற்றிலும் இலேசானது, இன்று எல்லாவற்றிலும் மலிவானதும்கூட. லென்ஸ் 28 முதல் 100 மிமீ; இந்த எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். வெளிச்சம் நுழையும் துவாரம் அகல முனையில் எஃப் 1.8 என்று பெருமையாகத் தொடங்கும் (எண் சிறிதானால் துவாரம் பெரிது), ஜூமை இழுக்க இழுக்கச் சுருங்கி 4.9இல் நிற்கும். திரை சாயாது, வைஃபை கிடையாது. 2013இல் வந்த இரண்டாவதில் திரை சாயும், வைஃபை உண்டு, சென்சாரும் வெளிச்சத்தை இன்னும் நன்றாக வாங்கும். வெளி பிளாஷ் மாட்டும் இடம் தலையில் இருப்பது ஏழிலும் இது ஒன்றில்தான். அடுத்த பதிப்பிலேயே அதை எடுத்துவிட்டார்கள். கையில் காசு குறைவு, பகல் படங்கள் போதும் என்றால் இந்த இரண்டும் தப்பில்லை.

2014இல் வந்த மூன்றாவதில்தான் கதை மாறுகிறது. லென்ஸ் 24 முதல் 70 மிமீ. எட்டும் தூரம் குறைந்தது. ஆனால் ஜூமைக் கடைசிவரை இழுத்தாலும் துவாரம் 2.8ஐத் தாண்டிச் சுருங்காது. கூடவே, மூலையிலிருந்து மேலெழும்பும் ஒரு வியூஃபைண்டர். கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்ப்பதால் நடுப்பகல் வெயிலிலும் தெரியும். ஒரு குறும்பு மட்டும் உண்டு: வேலை முடிந்து அதை உள்ளே அமுக்கினால் கேமராவும் சேர்ந்து அணைந்துவிடும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: உள்ளேயே ஒரு கறுப்புக் கண்ணாடி. என்டி ஃபில்டர் என்பார்கள். வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும். நம் ஊர் உச்சி வெயிலில் துவாரத்தை 1.8இல் வைத்து எடுக்க ஷட்டர் வினாடியில் சுமார் 10,000இல் ஒரு பங்கு வேகத்தில் மூடவேண்டும். மூன்றாவதன் ஷட்டர் 2,000இல் ஒரு பங்கைத் தாண்டாது. கண்ணாடியைப் போட்டால் கணக்கு சரியாகிவிடும். லாசா பக்கம் பிளஸ் ஆற்று நீரைப் பால்போல வழியவிட்டு எடுக்க ஆசைப்பட்டாலும் இது கைகொடுக்கும்.

2015இல் நான்காவது, 2016இல் ஐந்தாவது. லென்ஸ் அதேதான், மாறியது உள்ளே. நான்காவதில் சென்சாருக்குப் பின்னாலேயே நினைவகத்தை அடுக்கி ஒட்டினார்கள். படத்தை விறுவிறுவென்று வாசித்து எடுக்க அதனால் முடிந்தது. 4கே காணொலி, வினாடிக்கு நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கும் மெதுவோட்டம் எல்லாம் அதிலிருந்து வந்தவை. ஆனால் 4கே ஒரு தடவைக்கு 5 நிமிடம்தான். இவ்வளவு சின்ன உடம்பு சூட்டைத் தாங்காது. ஐந்தாவது கொண்டுவந்தது ஃபோகஸ். அதுவரை இருந்த முறையில் கேமரா லென்ஸை முன்னே தள்ளிப் பார்த்து, 'தாண்டிவிட்டேனே' என்று பின்னே வரும். இருட்டில் வழி தெரியாதவர் வாசற்படியைக் காலால் துழாவுவதுபோல. ஐந்தாவதில் 315 இடங்களில், எந்தப் பக்கம், எவ்வளவு நகரவேண்டும் என்பது முதலிலேயே தெரிந்துவிடும். 2018இல் ஆறாவதன் மூளையை ஐந்தாவதன் உடம்பில் வைத்து '5ஏ' என்று சத்தமில்லாமல் விட்டார்கள். இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது அதுதான். கைமாற்றுச் சந்தையில் அகப்படுவதும் அரிது, அகப்பட்டால் விலையும் கடிக்கும்.

அதே 2018இல் வந்த ஆறாவது, 24 முதல் 200 மிமீ. எட்டும் தூரம் ஒரே தாவலில் மூன்று மடங்கு. அந்த உடம்புக்குள் அதை அடைத்தது சாமர்த்தியம்தான், மறுக்கவில்லை. கொடுத்த விலை என்ன? துவாரம் 2.8இல் தொடங்கி 4.5இல் முடிகிறது. உள்ளிருந்த கறுப்புக் கண்ணாடியும் போயிற்று. 1.8க்கும் 2.8க்கும் என்ன பெரிய தூரம் என்று தோன்றும். வெளிச்சக் கணக்கில் 2.4 மடங்கு. ஐஎஸ்ஓ என்பது குறைந்த வெளிச்சத்தை ஈடுகட்டக் கூட்டும் உணர்திறன் எண். மூன்றாவது ஐஎஸ்ஓ 1600இல் எடுக்கும் அதே படத்தை ஆறாவது 4000க்குப் பக்கத்தில் போய்த்தான் எடுக்கும். அங்கே மணல் தூவினாற்போலப் புள்ளி விழத் தொடங்கிவிடும். 2019இன் ஏழாவதும் அதே லென்ஸ்தான். முதலாவது அமெரிக்காவில் 650 டாலருக்கு அறிமுகமானது. ஏழாவது 1,200 டாலருக்கு. ஏறக்குறைய இரண்டு மடங்கு காசு கொடுத்து, இருட்டில் குறைந்த வெளிச்சம் வாங்கும் லென்ஸை வாங்குகிறோம். தம்பிக்கு நம்ப முடியவில்லை. "அப்ப ஏழு மட்டமா?"

இல்லை. இங்கேதான் நானே ஒரு காலம் தப்பாகச் சொல்லித் திரிந்தேன். 'இரவு என்றால் மூன்று, பகல் என்றால் ஏழு' என்று. எடுக்கப்படும் ஆள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

பூக்குழி ஓரத்தில், நாலு எட்டில் நின்று எடுப்பதாக இருந்தால் மூன்றாவதே ராசா. ஆனால் தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியில் திடலின் அந்தப் பக்கம் ஓடும் பிள்ளையை எடுக்கவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது 70 மிமீயோடு நின்றுவிடும். மீதியைப் படத்தை வெட்டித்தான் பெரிதாக்க வேண்டும். 200 மிமீ அளவுக்கு வெட்டினால் 2 கோடிப் புள்ளியில் மிஞ்சுவது சுமார் 25 லட்சம். கைப்பேசித் திரைக்குப் போதும், சட்டம் போட்டு மாட்டப் போதாது. வெளிச்சத்திலும் மூன்றாவதே தோற்கும். எஃப் எண் என்பது லென்ஸின் நீளத்தைத் துவாரத்தால் வகுத்து வரும் எண். இதுவரை சொன்ன 70, 200 எல்லாம் பழைய ஃபிலிம் கேமராவின் அளவுக்கு மாற்றிச் சொல்லும் எண்கள். மூன்றாவதன் லென்ஸ் முழு ஜூமில் நிஜமாக 25.7 மிமீ நீளம், 2.8ஆல் வகுத்தால் வாய் 9 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஏழாவது முழு ஜூமில் 72 மிமீ; 4.5ஆல் வகுத்தால் 16 மில்லிமீட்டர். தொலைவில் நிற்கும் அந்த ஒரு பிள்ளையிடமிருந்து வரும் வெளிச்சத்தில் ஏழாவது மூன்று மடங்கு அள்ளிக்கொள்கிறது. எஃப் எண் பெரிதாக இருப்பதைப் பார்த்து நான் ஏமாந்திருந்தேன்.

எனவே கேள்வி இரவா பகலா என்பதில்லை, கிட்டவா எட்டவா என்பது.

ஏழாவதுக்கு வேறு சில காரணங்களும் உண்டு. வெளி மைக் சொருகும் துளை முதன்முறையாக அதில்தான் வந்தது. உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் காணொலி எடுத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். கேமராவின் சொந்த மைக்கில் உறுமியும் ஒலிபெருக்கியும் சேர்ந்து கரகரவென்று ஒரே இரைச்சலாக விழும். ஆளின் கண்ணைப் பிடித்துக்கொண்டு அது நகர்ந்தால் கூடவே நகரும் ஃபோகஸும் முன்னையவற்றைவிட ஏழில் கெட்டி. யூடியூபுக்கு எடுப்பவர் என்னிடம் கேட்டிருந்தால் மறுபேச்சில்லாமல் ஏழு என்றிருப்பேன்.

கூட்டிக் கழித்துப் புதுப் பதிப்பு விடுவது சோனியின் பழக்கம் மட்டுமில்லை. ரிகோ ஜிஆர் இரண்டாவதில் பிளாஷ் இருந்தது. மூன்றாவதில் எடுத்துவிட்டு, கை நடுக்கத்தை அடக்கும் சென்சாரை வைத்தார்கள். ஒரு சார்ஜில் 320 படம் என்று இருந்தது 200 ஆனது. கேனன் ஜி7எக்ஸ் இதற்கு எதிர்மாறு: 2016இன் மார்க் 2க்கும் 2019இன் மார்க் 3க்கும் லென்ஸ் ஒன்றே, 24 முதல் 100. 4கேயும் மைக் துளையும் வேண்டாம் என்பவர் பழையதை வாங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். வேடிக்கை என்னவென்றால் 2016இல் வந்த இக்சஸ் 285 என்ற சின்னக் கேமராவை கேனன் 2025இல் மறுபடி கடைக்குக் கொண்டுவந்தது. முக்கிய மாற்றம் என்று பார்த்தால், வழக்கமான எஸ்டி அட்டைக்குப் பதில் மைக்ரோ எஸ்டி. 2010இல் உலகம் முழுக்க 10 கோடிக்கு மேல் விற்பனைக்குப் போன இந்தவகைக் கேமரா 2023இல் 20 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. கைப்பேசி விழுங்கிவிட்டது. மிச்சமிருக்கும் சின்னச் சந்தையில் பழசுக்குத்தான் இன்று கிராக்கி.

கைப்பேசியே இந்த வேலையைச் செய்யாதா என்று கேட்கலாம். ஒரு அங்குல சென்சாரோடு 2021 முதலே கைப்பேசிகள் தொடர்ந்து வருகின்றன. அசையாத பொருளை இருட்டில் எடுக்க அவை பல படங்களை அடுக்கி ஒன்றாக்கி அசத்தும். நெருப்பில் விறுவிறுவென்று நடப்பவர் அடுக்குவதற்குள் அந்தப் பக்கம் போய்விடுவார். தம்பியின் சித்தப்பா முகம் தொலைந்தது அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவதை வைத்துத் தீமிதி எடுக்க ஒரு வழி சொன்னேன். அதன் பழைய ஃபோகஸ் புகையையும் இருட்டையும் கண்டால் துழாவும். ஆகவே அதை நம்பாமல், குழியின் கரையேறும் விளிம்பில் கல்லோ வாழைமட்டையோ எதையாவது பார்த்து ஃபோகஸைப் பூட்டிவிடவேண்டும். ஷட்டர் 250இல் ஒரு பங்கு, துவாரம் திறந்தபடி, ஐஎஸ்ஓவைக் கேமராவே பார்த்துக்கொள்ளட்டும். ஆள் விளிம்புக்கு வரும் நேரத்தில் அமுக்கு. நாலு படத்தில் ஒன்று நிச்சயம்.

நான்காவது முதல் மேலே வாங்குபவர்கள் கவனிக்க ஒன்று. அவற்றில் சத்தமில்லாத மின் ஷட்டர் உண்டு. கோவிலுக்குள் நல்லதுதான், மண்டபத்தில் சனியன். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. அதில் எரியும் குழல் விளக்கும் மலிவு எல்இடியும் வினாடிக்கு 100 தரம் மங்கி எரிகின்றன. நம் கண்ணுக்குத் தெரியாது. மின் ஷட்டர் படத்தை வரிவரியாக வாசிப்பதால் மங்கிய நேரத்து வரிகள் கறுப்புப் பட்டையாக விழும். மாப்பிள்ளை முகத்தில் வரிக்குதிரை. மண்டபம் என்றால் சாதாரண ஷட்டருக்கு மாற்றிவிடுங்கள்.

பேட்டரி ஏழுக்கும் ஒரே வகை, பழசுக்கு வாங்கியதைப் புதுசில் போடலாம். உறிஞ்சுவதுதான் வேறு: முதலாவது 330 படம், மூன்றாவது 320, ஐந்தாவது 220, ஏழாவது 260. விடிய விடியத் திருவிழா என்றால் எதை வாங்கினாலும் கூட இரண்டு பேட்டரி வேண்டும்.

இவ்வளவையும் அலசிய பிறகு, எல்லாவற்றையும் கவிழ்த்துவிடக்கூடிய ஒன்று இருக்கிறது. பூஞ்சை. குளிர்நாட்டுக்காரர்கள் கேமரா பற்றி எழுதும்போது இதற்கு ஒரு வரி ஒதுக்குவார்கள். பேராக்கில் இருப்பவனுக்கு இது பாதிக் கட்டுரை. காலையில் பால்மரக்காட்டுப் பனி, பிற்பகலில் மழை. ஈரம் இறங்கவே இறங்காது. கண்ணாடிமேல் பூசிய மெல்லிய பூச்சின்மீது பூஞ்சை வெள்ளை நூலாகப் படரும். விட்டால் பூச்சையே அரித்துக் கோடு போட்டுவிடும். பெரிய கேமராவின் லென்ஸைக் கழற்றிப் பிரித்துத் துடைக்கக் கடைகள் உண்டு. உள்ளே மடங்கிக்கொள்ளும் இந்தச் சின்ன லென்ஸைப் பிரிப்பதற்கு ஆகும் செலவில் பழைய கேமரா ஒன்றையே வாங்கிவிடலாம். என் முதல் கேமரா ஒன்றை அழகான தோல் பையில் போட்டு அலமாரியில் துணிகளோடு வைத்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான். பத்து மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை. தோலும் துணியும் ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்று அப்போது தெரியாது.

ஆகவே கைமாறி வந்ததை வாங்கப் போகும்போது எண்ணைப் பார்க்கும் முன் கைப்பேசி டார்ச்சை எடுங்கள். கேமராவை இயக்கி, ஜூமைக் கடைசிவரை இழுத்து, லென்ஸுக்குள் சாய்வாக ஒளியைப் பாய்ச்சுங்கள். நேராகப் பாய்ச்சினால் தெரியாது. நூல், வலை, பனிமூட்டம் எது தெரிந்தாலும் கிளம்பிவிடலாம். அடுத்து தூசி. லென்ஸ் உள்ளே போய் வெளியே வரும்போதெல்லாம் துருத்திபோலக் காற்றை இழுக்கும், தூசியும் கூட வரும். துவாரத்தை 11க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை எடுத்துப் பாருங்கள்; சென்சாரில் தூசி இருந்தால் சாம்பல் வட்டங்கள் தெரியும். மூன்றிலும் அதற்கு மேலும் வியூஃபைண்டரைப் பத்துத் தடவை எழுப்பி இறக்குங்கள். ஜூம் போகும்போது கரகரவென்ற சத்தம் வந்தால் உள்ளே மணல்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு உலர் பெட்டிதான் நல்லது. ஈரத்தை 40க்கும் 50 விழுக்காட்டுக்கும் இடையில் வைத்திருக்கும். காசில்லையென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் ஈரமானியும் போதும். ஜெல் நிறம் மாறினால் வறுத்துவிட்டு மறுபடி போடலாம். என் மனைவியின் பழைய தோசைக்கல் இப்போது அதற்கென்றே ஒதுக்கப்பட்டுவிட்டது, அவருக்கு அதில் சந்தோசம் இல்லை.

தம்பி அந்த வாரமே ஈப்போவுக்குப் போனார், ஏழைப் பார்க்க. மனசு ஏழிலேயே இருந்தது. கீறல் இல்லை, பெட்டி இருந்தது, ரசீதும் இருந்தது. டார்ச் அடித்தபோது ஜூமின் கடைசி முனையில், கண்ணாடியின் ஓரத்தில் மூன்று நூல். விற்றவர் 'அது ஒன்னும் செய்யாது பாஸ்' என்றாராம். இவர் வணக்கம் சொல்லிவிட்டு வந்து, இன்னொருவரிடம் மூலை நசுங்கிய மூன்றாவதை வாங்கினார். மிஞ்சிய வெள்ளியில் இரண்டு பேட்டரியும் ஒரு சின்ன உலர் பெட்டியும் வந்தன.

திருவிழா முடிந்து படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நிறைய மங்கல். இரண்டு நன்றாக வந்திருந்தன. ஒன்றில் சித்தப்பா கரையேறுகிறார், நெற்றி வியர்வை தெரிகிறது. அந்தப் படத்தைப் பார்த்த தம்பியின் அக்கா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அடுத்த மாதம் விளையாட்டுப் போட்டியாம். "அண்ணே, அக்கா கேக்குறாங்க, அந்த ஏழு இப்ப என்ன விலை?"